நிவாரணம் எந்த வழியால் வருகிறது, எந்தக் கதவைத் தட்டுவது: கிராமச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்கழி மழை வலுத்து, மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன என்ற செய்தி பரவியவுடன், படுவான்கரையின் தாழ்நிலத்து வீடுகளில் இருக்கிற நெல்லையும் பிள்ளைகளின் கொப்பிகளையும் உயரத்தில் ஏற்றி வைக்கும் வேலை தொடங்கிவிடும். அதே வேளையில் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் தொலைபேசியும் ஓயாமல் ஒலிக்கும். “நமக்கு ஆரு உதவி செய்வாங்க, எப்ப வருவாங்க?” என்பதே எல்லோருடைய கேள்வியாகவும் இருக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது அந்தப் பொறுப்பில் இருந்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. வெள்ளை வாகனங்கள் வந்தன, போயின. சிலர் பெயர் எழுதினார்கள், சிலர் படம் எடுத்தார்கள். அவர்கள் யாருடைய பணத்தைக் கொண்டு வந்திருக்கிறார்கள், அவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இயங்கும் கிராமச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் அத்தனை காலம் காத்திருக்கத் தேவையில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதற்கதவு கிராம உத்தியோகத்தருடையது

உலகின் எந்த மூலையிலிருந்து உதவி வந்தாலும், பாதிக்கப்பட்ட நாட்டு அரசின் இணக்கத்துடனேயே அது உள்ளே வரும். இன்றைய சர்வதேச நிவாரண ஒழுங்கமைப்புக்கு அடித்தளமாக உள்ள ஐ.நா. பொதுச்சபையின் 46/182 ஆம் இலக்கத் தீர்மானம், 1991 டிசம்பர் 19 அன்று நிறைவேற்றப்பட்டது. தன் மண்ணில் பாதிக்கப்பட்டவர்களைப் பராமரிக்கும் முதற்பொறுப்பு அந்தந்த அரசுக்கே உரியது என்று அது தெளிவாகக் கூறுகிறது. ஆகவே சர்வதேச நிறுவனங்கள் தமது திட்டங்களுக்கு அடிப்படையாகக் கொள்ளும் எண்ணிக்கை, பெரும்பாலும் கிராம உத்தியோகத்தர் திரட்டி, பிரதேச செயலகம் வழியாக மாவட்டச் செயலகத்துக்கு அனுப்பிய எண்ணிக்கையாகவே இருக்கும். அந்தப் பட்டியலில் விடுபட்ட குடும்பம், அதற்கு மேலே எழுதப்படும் ஒவ்வோர் அறிக்கையிலும் விடுபட்டே போகும்.

நம் நாட்டில் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிறைவேற்றப்பட்ட 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. எச்சரிக்கையும் ஒருங்கிணைப்பும் அதன் பணிகள். மாவட்டந்தோறும் அதற்கு ஓர் அலகு உண்டு. அவசர அழைப்பு இலக்கம் 117. சமைத்த உணவுக்கும் உலர் உணவுக்குமான அரச ஒதுக்கீடு தேசிய அனர்த்த நிவாரண சேவைகள் நிலையத்திலிருந்து பிரதேச செயலகம் வழியாக வரும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, ஓரிடத்தில் கேட்க வேண்டியதை மற்றோர் இடத்தில் கேட்டு, பெறுமதியான ஒரு நாளை இழந்த சங்கங்களை நான் கண்டிருக்கிறேன்.

எனவே உங்கள் முதல் வேலை, கிராம உத்தியோகத்தரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க ஒரு பட்டியலை மழைக்கு முன்னரே வைத்திருப்பதாகும். தடித்த அட்டையுள்ள ஒரு சீ.ஆர். கொப்பியை வாங்குங்கள். பக்கத்தைக் குறுக்காகப் பிடித்துக் கோடிட்டு, குடும்பத் தலைவர் அல்லது தலைவியின் பெயர், வீட்டு இலக்கம், ஆண், பெண், ஐந்து வயதுக்குட்பட்டோர், அறுபது வயதுக்கு மேற்பட்டோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், தொடர்ந்து மருந்து உட்கொள்வோர் என்று நிரல்களைப் பிரியுங்கள். கடைசி நிரலை வெறுமையாக விடுங்கள். வெள்ளத்தின்போது அக்குடும்பம் எங்கே தங்கியிருக்கிறது என்பதை அதில் எழுத வேண்டும். பென்சிலால் எழுதுங்கள். 2011 இல் நான் நீல மைப் பேனாவால் தனித் தாள்களில் எழுதிய பட்டியல் சட்டைப் பையிலேயே நனைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரே நீலக் கறையாகின; அன்றிரவு பள்ளிக்கூட வகுப்பறைகளில் டோர்ச் வெளிச்சத்தில் மீண்டும் முதலிலிருந்து எழுதினோம். கொப்பியைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்து, அதன் போட்டோக்கொப்பி ஒன்றை மேட்டு நிலத்திலுள்ள ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

உதவி செய்வோரின் மூன்று குடும்பங்கள்

வாசலுக்கு வரும் அமைப்புகளை அவற்றின் சின்னத்தைக் கொண்டு அல்லாமல், அவை சேர்ந்திருக்கும் குடும்பத்தைக் கொண்டு அடையாளம் காணப் பழக வேண்டும்.

முதலாவது ஐ.நா. முகவரகங்கள். உலக உணவுத் திட்டம், யுனிசெப், உலக சுகாதார நிறுவனம், அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் முதலியன இதில் அடங்கும். இவற்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு ஓச்சா என்று அழைக்கப்படும் மனிதாபிமான விவகாரங்களுக்கான ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு உரியது. 1998 முதல் இப்பெயரில் இயங்கும் அது பொருட்களைப் பங்கிடும் நிறுவனம் அன்று. தகவலைத் திரட்டுவதும், நிதி வேண்டுகோள்களைத் தயாரிப்பதும், நிறுவனங்களை ஒரே மேசையில் அமர்த்துவதும் அதன் வேலை. ஆகவே அதனிடம் தறப்பாள் கேட்டுப் பயனில்லை. தகவல் கொடுத்தால் பயனுண்டு.

இரண்டாவது செஞ்சிலுவை, செம்பிறை இயக்கம். இதற்குள் மூன்று பகுதிகள் இருப்பதை நம்மிற் பலர் அறிவதில்லை. 1863 இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு முக்கியமாகப் போர்ச் சூழலில் பணியாற்றுவது. காணாமற்போனோரைத் தேடுவதும் கைதிகளைச் சந்திப்பதும் அதன் பணிகள் என்பதை இப்பகுதித் தாய்மாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1919 இல் உருவான சம்மேளனம் இயற்கை அனர்த்தங்களின்போது தேசியச் சங்கங்களுக்குத் துணை நிற்பது. மூன்றாவது அந்தத் தேசியச் சங்கங்களே. நம் நாட்டில் அது இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அதற்குக் கிளைகள் உள்ளன. அவற்றின் தொண்டர்கள் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளைகளே. வெள்ளக் காலத்தில் நீங்கள் தேட வேண்டியது அந்தக் கிளையை.

மூன்றாவது அரச சார்பற்ற நிறுவனங்கள். பல நாடுகளில் இயங்கும் பெரியவையும், மாவட்டத்துக்குள் மட்டும் இயங்கும் சிறியவையும் இக்குடும்பத்தில் உள்ளன. பெரியவற்றிற் பல நேரடியாகப் பணியாற்றாமல், உள்ளூர் அமைப்பொன்றைப் பங்காளியாக வைத்துப் பணியாற்றுகின்றன. உங்கள் ஊருக்கு வருபவரிடம் “நீங்கள் எந்த நிறுவனம்?” என்பதோடு நிறுத்தாமல், “இந்தச் செயற்றிட்டத்துக்கு நிதி வழங்குவது யார், அது எந்தத் திகதியில் முடிகிறது?” என்றும் கேளுங்கள். நேர்மையான உத்தியோகத்தர் எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தேவைக்கு ஏற்ற மேசை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு முதல் பொத்துவில் வரை கரையோரம் முழுவதும் நிறுவனங்கள் வந்து குவிந்தபோது, ஓரிடத்தில் ஒரே பொருள் மூன்று முறை கிடைத்ததும் இன்னோரிடத்தில் எதுவுமே கிடைக்காமற்போனதும் நம் கண்முன்னே நடந்தவை. அந்த அனுபவமும் சூடானின் டார்பூர் நெருக்கடியும் சேர்ந்து 2005 இல் கொத்தணி முறை என்ற சீர்திருத்தத்துக்கு வழி வகுத்தன. உலக மட்டத்தில் துறைவாரியாகக் கொத்தணிகள் வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான நிறுவனம் நியமிக்கப்பட்டது. நீர், துப்புரவு, போசாக்கு ஆகியவற்றுக்கு யுனிசெப். கல்விக்கு யுனிசெப்பும் சேவ் த சில்ரனும். சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம். உணவுப் பாதுகாப்புக்கு உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும். இயற்கை அனர்த்தங்களில் தங்குமிடத்துக்குச் செஞ்சிலுவைச் சம்மேளனம் என்று அந்தப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன.

கொத்தணி என்ற பெயர் உங்கள் பகுதியில் பயன்படாவிட்டாலும், மாவட்டச் செயலகத்தில் அரசாங்க அதிபரின் தலைமையில் நடக்கும் அனர்த்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் இதே பிரிவின்படியே பேசப்படும். அங்கே நிரப்பப்படும் முக்கியமான அட்டவணை ஒன்றே ஒன்று: யார், என்ன, எங்கே. உங்கள் கிராமத்தின் பெயருக்கு எதிரே உள்ள கட்டம் வெறுமையாக இருக்கிறது என்பதை அந்தக் கூட்டத்துக்குச் செல்லும் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். அவர் பிரதேச செயலாளராக இருக்கலாம், செஞ்சிலுவைக் கிளையின் பொறுப்பாளராக இருக்கலாம், உள்ளூர் நிறுவனமொன்றின் இணைப்பாளராக இருக்கலாம். அவருக்கு முந்தைய நாளே உங்கள் எண்ணிக்கையைக் கொடுத்துவிடுங்கள். 2011 இல் பிரதான வீதிக்கு அருகில் இருந்த எங்கள் இடைத்தங்கல் முகாமுக்கு இரண்டு நாட்களுக்குள் மூன்று நிறுவனங்கள் பாய்களைக் கொண்டு வந்தன. உழவு இயந்திரத்தில் மட்டுமே செல்லக்கூடிய உட்கிராமம் ஒன்றுக்கு எவரும் போகவில்லை. நாங்கள் மிகுதிப் பாய்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அனுப்பினோம். அந்த வேலையை அட்டவணை செய்திருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது

இந்தப் பகுதியை மிகக் கவனமாக வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில், “இருக்கிறதைத் தந்தால் என்ன?” என்று நாம் கோபப்படும் பல வேளைகளில், தடையாக நிற்பது எதிரே இருக்கும் உத்தியோகத்தரின் மனமன்று, அந்தப் பணத்தோடு சேர்ந்து வந்த நிபந்தனையே.

மனிதாபிமானப் பணிக்கான நிதியில் பெரும்பகுதி அரசுகளின் விருப்பக் கொடையாகும். உலக உணவுத் திட்டம் முழுவதும் அத்தகைய கொடைகளாலேயே இயங்குகிறது. கட்டாயச் சந்தா எதுவும் அதற்கு இல்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தனக்கு வரும் நிதியில் 95 வீதத்துக்கும் அதிகமானதைத் தனி மனிதர்களிடமிருந்தும் தனியார் அமைப்புகளிடமிருந்தும் பெறுகிறது. கொடையாளர் “இந்த நாட்டுக்கு, இந்த அனர்த்தத்துக்கு, இந்தப் பொருளுக்கு” என்று குறித்துக் கொடுத்த பணத்தை வேறொன்றுக்குச் செலவிட முடியாது. ஆழிப்பேரலை நடந்து சில நாட்களுக்குள்ளேயே, தன்னால் அங்கு பயன்படுத்தக்கூடிய அளவு நிதி சேர்ந்துவிட்டதாகவும், இனி அந்த அனர்த்தத்துக்கென்று குறித்து அனுப்ப வேண்டாம் என்றும் அந்த மருத்துவர் அமைப்பு அறிவித்தது. ஆழிப்பேரலைக்காக உலகம் முழுவதும் திரண்ட உதவி ஏறத்தாழ 13.5 பில்லியன் அமெரிக்க டொலர், அதில் 5.5 பில்லியன் பொதுமக்கள் கொடுத்தது. மறுபுறத்தில், கிழக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்த 2011 வெள்ளத்துக்காக ஐ.நா. சுமார் 51 மில்லியன் டொலருக்கு வேண்டுகோள் விடுத்தும், கேட்ட முழுத்தொகை வந்து சேரவில்லை. பாதிப்பின் அளவு மட்டும் நிதியைத் தீர்மானிப்பதில்லை. உலகத்தின் கண் அன்று எங்கே திரும்பியிருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

விரைவாக வரும் பணம் ஒருவகை, தாமதித்து வரும் பணம் இன்னொருவகை. விரைவானவற்றில் மூன்றை அறிந்திருங்கள். ஐ.நா.வின் மத்திய அவசரகாலப் பதில்நடவடிக்கை நிதியம் 2006 மார்ச் மாதத்தில் இன்றைய வடிவில் செயற்படத் தொடங்கியது. கொடையாளர் நாடுகள் முற்கூட்டியே போட்டு வைக்கும் பொது உண்டியல் என்று அதைக் கருதலாம். அதிலிருந்து ஐ.நா. முகவரகங்கள் மட்டுமே நேரடியாகப் பெறலாம். ஏனையோர் அவற்றின் பங்காளிகளாக மட்டும் பயன்பெறலாம். ட்ரெஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் செஞ்சிலுவைச் சம்மேளனத்தின் அவசர நிதி 1985 முதல் இயங்குகிறது. இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம் கேட்டால், ஊடகங்கள் பொருட்படுத்தாத சிறிய வெள்ளத்துக்கும் சில நாட்களில் அது கிடைக்கக்கூடும். ஸ்டார்ட் நெட்வேர்க் என்ற நிறுவனக் கூட்டமைப்பின் நிதி, எச்சரிக்கை கிடைத்த 72 மணித்தியாலங்களுக்குள் முடிவு எடுக்கும் நோக்கில் அமைக்கப்பட்டது. இம்மூன்றிலும் பொதுவானது, முடிவு எடுக்கப்படும் முதல் மூன்று நான்கு நாட்களில் கையில் இருக்கும் எண்ணிக்கையே பேசும் என்பதாகும். ஐந்தாம் நாள் நீங்கள் கொடுக்கும் திருத்தமான பட்டியல் பெரும்பாலும் பிந்திவிட்ட பட்டியலே.

அவசர வேண்டுகோளுக்குக் கிடைக்கும் நிதியும், ஐரோப்பிய ஆணையம், ஜப்பான், ஜேர்மனி போன்ற கொடையாளர்களின் செயற்றிட்ட நிதியும் வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து வரும். கிணறு துப்புரவு செய்தல், மலசலகூடம் திருத்துதல், விதைநெல், வலை, தோணி முதலிய வாழ்வாதாரத் தேவைகளை அந்த இரண்டாம் கட்டத்துக்கு எடுத்து வையுங்கள். முதல் வாரத்தில் தோணி கேட்பதும் மூன்றாம் மாதத்தில் பாய் கேட்பதும் கதவுகளை வீணே மூடச் செய்யும்.

கொடையாளரிடமிருந்து ஐ.நா. முகவரகத்துக்கும், அங்கிருந்து சர்வதேச நிறுவனத்துக்கும், அங்கிருந்து உள்ளூர் அமைப்புக்கும் பணம் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நிருவாகச் செலவுக்கென ஒரு பங்கு கழியும். யுனிசெப் பொதுவாக 8 வீதம் எடுக்கிறது. ஐரோப்பிய ஆணையம் தன் நிதியில் மறைமுகச் செலவுக்கு 7 வீதம் வரை அனுமதிக்கிறது. இதைக் களவு என்று கூறுவது தவறு. கணக்காய்வும் களஞ்சியமும் பாதுகாப்பும் பணமின்றி நடப்பதில்லை. ஆனால் இறுதிப் படியில் நிற்கும் உள்ளூர் அமைப்புக்கு அதே பங்கு பல வேளைகளில் மறுக்கப்படுவது நியாயமன்று என்பதை நான் அழுத்தமாகச் சொல்வேன். 2016 மே மாதத்தில் இஸ்தான்புல்லில் கூடிய உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில், 2020 ஆம் ஆண்டுக்குள் நிதியில் 25 வீதத்தை இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்கு வழங்குவதாகப் பெரிய கொடையாளர்களும் நிறுவனங்களும் உறுதியளித்தன. அந்த இலக்கு எட்டப்படவில்லை. பங்காளி ஒப்பந்தம் பேசும் மேசையில் இந்த உறுதிமொழியை நினைவூட்ட நமக்கு உரிமை உண்டு.

இன்னொரு மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீண்ட காலம் மிகப் பெரிய கொடையாளராக இருந்த அமெரிக்கா 2025 இல் வெளிநாட்டு உதவியைப் பெருமளவு குறைத்தது. அதன் உதவி முகவரகமான யுஎஸ்எயிட் அவ்வாண்டு ஜூலை 1 அன்று மூடப்பட்டது. உலகெங்கும் நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. சென்ற முறை வந்தவர் இம்முறை வருவார் என்ற நம்பிக்கையில் ஒரு கிராமத்தின் ஆயத்தத்தை விடக்கூடாது. பழைய தொலைபேசி இலக்கங்களை இப்போதே அழைத்துச் சரிபாருங்கள்.

கோரிக்கைக் கடிதத்தை எழுதும் முறை

ஒரு பக்கத்துக்கு மேற்பட வேண்டாம். பாதிப்பை உருக்கமாக விவரிப்பதைவிட, எண்ணால் காட்டுவது பயன் தரும். அதற்கு ஸ்பியர் கைந்நூல் என்ற சர்வதேசக் குறைந்தபட்ச நியமம் உங்கள் கையில் உள்ள அளவுகோல். 1997 இல் தொடங்கிய இம்முயற்சியின் நான்காம் பதிப்பு 2018 இல் வெளியானது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர், கூரையின் கீழ் 3.5 சதுர மீற்றர் இடம், ஆரம்பத்தில் 50 பேருக்கும் பின்னர் 20 பேருக்கும் ஒரு மலசலகூடம் என்று அது கூறுகிறது.

உங்கள் பாடசாலையில் 180 பேர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2,700 லீற்றர் நீர் தேவை. இருபதுக்கு இருபது அடி வகுப்பறையின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர மீற்றர். பத்துப் பேரே அதில் முறையாகத் தங்கலாம். ஆக 18 அறைகள் வேண்டும். இருப்பதோ 8 என்றால், 80 பேருக்குமேல் அங்கே வைக்கக்கூடாது, அல்லது மிகுதி 100 பேருக்குக் கூடாரமோ வேறு கட்டடமோ வேண்டும். மலசலகூடம் உடனடியாக 4, தொடர்ந்து தங்கினால் 9; பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாளும் இரவில் வெளிச்சமும் உள்ளவையாக. “தண்ணீருக்குக் கஷ்டப்படுகிறோம்” என்று எழுதிய கடிதம் கோப்பில் கிடக்கும். “180 பேருக்கு 2,700 லீற்றர் தேவை, கிடைப்பது 1,000 லீற்றர், பவுசர் பாடசாலை வாசல் வரை வரலாம்” என்று எழுதிய கடிதம் அன்றைக்கே நீர்த்துறைக்குப் பொறுப்பானவரின் கைக்குப் போகும். வண்டி வருமா, படகு வேண்டுமா என்பதை எழுத மறக்காதீர்கள். கிரானுக்கு மேற்கேயுள்ள ஊர்களுக்குப் பாதை மூடினால் என்ன செய்வது என்பது கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாது.

கடிதத்தின் பிரதிகளைக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், செஞ்சிலுவைக் கிளை, துறைக்குப் பொறுப்பான நிறுவனம் ஆகிய நால்வருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்ட திகதியோடு கையொப்பம் வாங்குங்கள்.

பெற்ற பின்னர்

சங்கம் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யப்பட்டிருப்பதும், இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு இருப்பதும், சென்ற ஆண்டின் கணக்கறிக்கை இருப்பதும் எந்தப் பங்காளி ஒப்பந்தத்துக்கும் குறைந்தபட்சத் தேவைகள். பொருள் வந்தால் களஞ்சியப் பதிவில் ஏற்றி, பெற்றவரின் கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளத்தை வாங்குங்கள். பெயர்ப் பட்டியலில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் நோய் விபரத்தையும் சுவரில் ஒட்டக்கூடாது. பெயரும் பொருளின் அளவும் போதும்.

நிவாரணம் இலவசம். அதற்காக எவரும் பணமோ கையுதவியோ வேறெதையுமோ கேட்கக்கூடாது. பொருளுக்கோ வேலைக்கோ ஈடாகப் பாலியல் இணக்கம் கேட்பதை எல்லா ஐ.நா. முகவரகங்களும் பங்காளி நிறுவனங்களும் 2002 முதல் வெளிப்படையாகத் தடைசெய்துள்ளன. அது பதவி நீக்கத்துக்குரிய குற்றம். நிறுவனம் வரும் முதல் நாளிலேயே அதன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு, பெண்கள் நீர் எடுக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். முறைப்பாட்டைக் கேட்பதற்கு மாதர் சங்கத்திலிருந்து ஒருவரை நியமியுங்கள். சங்கத் தலைவர் ஆண் என்றால், அவரிடம் மட்டுமே சொல்ல வேண்டிய நிலையில் எந்தப் பெண்ணையும் வைக்கக்கூடாது.

நீர் வடிந்து மக்கள் வீடு திரும்பிய பின்னர், கொப்பியின் கடைசி நிரலை அழித்துவிட்டு, பிறப்பு, இறப்பு, திருமணம், இடப்பெயர்வு ஆகியவற்றை ஆடி மாதத்துக்குள் திருத்துங்கள். புரட்டாதியில் கிராம உத்தியோகத்தருடன் அமர்ந்து இரு பட்டியல்களையும் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். எங்கள் ஊரில் சென்ற முறை அவ்வாறு ஒப்பிட்டபோது ஆறு குடும்பங்கள் அவருடைய பட்டியலில் இல்லை என்பது தெரியவந்தது. அவற்றில் நான்கு, கணவனை இழந்து தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண்களுடையவை. அன்று பிற்பகலே அவர் அந்த ஆறு பெயர்களையும் எழுதிக்கொண்டார்.